விளக்கும் கண்ணாடியும் சந்திக்கும் சுவர்

வீட்டின் உள் அலங்காரத்துக்கென்று ஒதுக்கப்படும் பணத்தில் அலங்கார விளக்குகளும் பெரிய கண்ணாடிகளும் இன்று நிலையான இடம் பெற்றுவிட்டன. ஆயினும் இவ்விரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு ஆள்களின் யோசனைப்படி வாங்கப்பட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலேயே சுவரேறுகின்றன. ஃபால்ஸ் சீலிங் அமைப்பவர் தம் கட்டங்களின் கணக்குக்கு ஏற்ப விளக்குத் துளைகளை இடுகிறார். தச்சரோ அலமாரி போக எஞ்சிய சுவரில் கண்ணாடியைப் பதித்துவிட்டுப் போகிறார். குடியேறிய பிறகுதான், சோபாவில் அமர்ந்தவரின் கண்ணைக் கண்ணாடிக்குள் தெரியும் விளக்கு கூச வைப்பதும், இவ்வளவு செலவு செய்து மாட்டிய கண்ணாடி எதிர்ப்புறத்து மின்பெட்டியையும் செருப்பு அலமாரியையும் இரட்டித்துக் காட்டுவதும் தெரியவருகிறது. விளக்கையும் கண்ணாடியையும் ஒரே கருவியின் இரண்டு உறுப்புகளாக எண்ணி அமைத்த வீடுகள் தமிழ் மண்ணிலேயே இருக்கின்றன. அவற்றைச் செல்வச் செழிப்பின் அடையாளங்களாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டதால், வெளிச்சத்தைக் கையாள்வது பற்றி அவற்றில் சேர்ந்திருக்கும் அறிவு கவனிக்கப்படாமலே போயிற்று.

கண்ணாடி ஒளியை உண்டாக்குவதில்லை, வாங்கியதைத் திருப்பிவிடுகிறது என்பது பள்ளிப் பாடம்தான் என்றாலும், எவ்வளவு திருப்புகிறது, எந்தப் பக்கம் திருப்புகிறது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பது அவசியம். வெள்ளை பூசிய நல்ல சுவரே தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அதன்மேல் கண்ணாடி மாட்டினால் அறையின் வெளிச்சம் இரட்டிப்பாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கை அளவு நோக்கில் சரியானதன்று. வேறுபாடு திசையில் இருக்கிறது. சுவர் ஒளியை நாலாபுறமும் சிதறவிடுகிறது; இதனைப் பரவல் எதிரொளிப்பு என்பர். கண்ணாடியோ, ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுந்ததோ அதே கோணத்தில் மறுபக்கம் செலுத்திவிடுகிறது; இது ஒழுங்கான எதிரொளிப்பு. இதன் பயனாகச் சன்னலோ சுடரோ இல்லாத இடத்தில் ஒரு சன்னலும் ஒரு சுடரும் இருப்பதாகக் கண் கொள்கிறது. சுவர் கருமையாக இருக்கும்போது அளவுக் கணக்கும் மாறிவிடுகிறது: மெருகேற்றிய தேக்குப் பலகையும் கருங்கல்லும் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே திருப்பித் தருவதால், அங்கே வைக்கப்படும் ஒரு கண்ணாடி அதே இடத்தில் இருந்த சுவரைவிடப் பல மடங்கு ஒளியை அறைக்குத் தருகிறது.

செட்டிநாட்டு வீடுகளின் உள்ளமைப்பு இந்த இரண்டாவது நிலைக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் பரவியுள்ள இவ்வீடுகளை, பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனம் ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலும் வணிகமும் நடத்திய நகரத்தார், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை கட்டினர். இவ்வூர்த் தொகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் இந்தியா சேர்த்தது. ஒரு தெருவில் முகப்பு தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டு முடியும் அளவுக்கு நீண்ட இவ்வீடுகளில், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, வாசல்கள் அனைத்தும் நேர்கோட்டில் திறக்கின்றன. வளவு என்பது நடுவே வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும் சேர்ந்த பகுதி. பகல் வெளிச்சம் முழுவதும் இந்த முற்றங்களின் வழியாகவே வீட்டுக்குள் இறங்குகிறது. தெருப்பக்கச் சன்னல்கள் ஒளிக்காக நம்பப்படுவதில்லை. முற்றத்தில் கண் கூசும் வெயில், தாழ்வாரத்தில் நிழல், அதற்கப்பால் இருக்கும் அறைகளில் ஏறக்குறைய இருட்டு என்று வெளிச்சம் படிப்படியாகக் குறைந்துகொண்டே போவது இவ்வீடுகளின் இயல்பு.

அந்தப் படிகளின் இடையில்தான் மினுங்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் வைக்கப்பட்டுள்ளன. சுண்ணாம்பைப் பல படிகளில் அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர், கைவைத்தால் பளிங்கு போல வழுவழுப்பாகவும் பக்கவாட்டில் பார்த்தால் எதிரிலிருக்கும் தூணின் மங்கிய பிம்பத்தைக் காட்டுவதாகவும் இருக்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்புக்கும் ஒரு கண்ணாடியே காரணம் என்பது பலர் அறியாத செய்தி: உலோக அச்சைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, அதன் அறைகளில் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு சாந்து கொட்டி நிரப்புகிறார்கள், கல் இறுகித் தண்ணீரில் ஊறிய பின் கண்ணாடித் தகடு கழன்றுவருகிறது. சூளையில் வேகாத அந்தக் கல், தான் கவிழ்ந்து கிடந்த கண்ணாடியின் வழவழப்பை அப்படியே முகத்தில் வாங்கிக்கொள்கிறது. முற்றத்து வெயில் இந்தத் தரையில் பட்டு விட்டத்தின் அடிப்பாகத்துக்கு ஏறுவதால், தாழ்வாரத்து மரவேலைகள் நண்பகலில் கீழிருந்து ஒளி பெறுகின்றன.

இவற்றோடு சேர்த்தே, பட்டாலை எனப்படும் கூடத்திலும் முகப்பிலும் மாட்டப்பட்ட பெல்ஜியம் கண்ணாடிகளைக் காண வேண்டும். தேக்குச் சட்டமிட்ட அக்கண்ணாடிகள் ஆள் முகம் பார்க்கும் உயரத்தில் இல்லாமல், தலைக்கு மேலே, மேல்விளிம்பு முன்னுக்குச் சாய்ந்த நிலையில் தொங்குவது வழக்கம். சாய்த்து மாட்டிய கண்ணாடி எதிர்ச்சுவரைக் காட்டாமல் தரையையும் கூடத்தில் அமர்ந்திருப்போரையும் காட்டுகிறது. தரைதான் முற்றத்து ஒளியை வாங்கி மினுங்கும் பரப்பு என்பதால், வீட்டிலேயே அதிக வெளிச்சமுள்ள இடத்தை இருண்ட தேக்குச் சுவரின்மேல் அது எடுத்து வைக்கிறது. இதனைக் கட்டியவர்கள் கோணம் கணக்கிட்டுத்தான் செய்தார்கள் என்று கூற வேண்டியதில்லை. படங்களையும் கண்ணாடிகளையும் முன்சாய்வாக மாட்டுவது அக்காலத்துப் பொது வழக்கமே. ஆனால் தரையில் பாய் விரித்து அமரும் வீட்டுக்கு அந்த வழக்கம் மிகப் பொருத்தமாக அமைந்தது என்பதையும், நாற்காலிக்கும் சோபாவுக்கும் மாறிய பிறகு கண்ணாடி நிமிர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது என்பதையும் கவனிக்கலாம்.

கண்ணாடியை நம்பாமல் இதே வேலையைச் செய்த கூடமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில், சன்னல் சட்டங்களில் அப்பிரகத் தகடுகள் பொருத்தப்பட்டு, வெயிலின் கடுமை வடிகட்டப்பட்ட ஒளி மட்டும் உள்ளே வருகிறது. தரை கருநிறம்; எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்தது என்று கூறப்படும் அத்தரை, ஒரு நீர்ப்பரப்பின் தெளிவோடு சன்னலின் வடிவத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. கருமையான பரப்பு மெருகேறும்போது சிதறும் ஒளி ஏதும் இல்லாததால் எதிரொளிக்கும் பிம்பம் மட்டும் தனித்து நிற்கும் என்ற உண்மையை இத்தரையைப் போலத் தெளிவாகக் காட்டும் வேறு இடம் தென்னிந்தியாவில் அரிது. அதே அரண்மனையின் பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கு, எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அந்த நிலையிலேயே சமன் குலையாமல் நிற்கும்படி சங்கிலி கோத்தது. வெளிச்சத்தை வேண்டிய திசைக்குத் திருப்பும் வசதி புதிய கண்டுபிடிப்பு அன்று.

மெழுகுவத்தியின் கணக்கு

பழைய மாளிகைகளில் சரவிளக்கும் கண்ணாடியும் இவ்வளவு ஏன் தேவைப்பட்டன என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு லூமென். சாதாரண மெழுகுவத்திச் சுடர் ஒன்று ஏறத்தாழ 12 லூமென் தருகிறது. ஆக 24 மெழுகுவத்திகள் ஏற்றிய ஒரு பெரிய சரவிளக்கு தந்த வெளிச்சம் 300 லூமென் அளவே. இன்று நடுத்தரக் குடும்பத்துச் சமையலறையில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று 800 லூமெனுக்கு மேல் தருகிறது. விருந்துக் கூடம் முழுவதற்கும் கிடைத்த ஒளி, இன்றைய ஒற்றைப் பல்பில் பாதிக்கும் குறைவு என்றால், கிடைத்ததை வீணாக்காமல் திருப்பித் திருப்பிப் பயன்படுத்துவது அக்காலத்தவருக்குக் கட்டாயமாக இருந்தது. வெர்சாய் அரண்மனையில் 1678-க்கும் 1684-க்கும் இடையே கட்டப்பட்ட 73 மீட்டர் நீளக் கண்ணாடிக் கூடத்தில், தோட்டத்தை நோக்கிய சன்னல்களுக்கு நேரெதிராக 17 வளைவுகளில் 357 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன. பகலில் அவை தோட்டத்தின் வானத்தை உள்ளே கொண்டுவந்தன. இரவில் சன்னல் இருண்டுவிட்ட நேரத்தில், தொங்கும் சுடர்களின் எண்ணிக்கையைப் பெருக்கின.

அக்கண்ணாடிகளைச் செய்த தொழில் வெனிஸ் நகரத்திலிருந்து வந்தது. தீ விபத்துக்கு அஞ்சி 1291-இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றிய வெனிஸ் அரசு, பின்னாளில் தன் கைவினைஞர்கள் நுட்பத்தை வெளியே கொண்டுபோகாமல் கண்டிப்பாகக் காத்தது. வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசம் ஊற்றி, அதன்மேல் கண்ணாடியை இறக்கி, எடை ஏற்றிப் பல நாள் அழுத்தி வைத்தால், வெள்ளீயமும் பாதரசமும் கலந்த இரசக்கலவைப் பூச்சு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்; ரசம் பூசுதல் என்று தமிழ்க் கடைகளில் இன்றும் சொல்லப்படுவது இந்தப் பழைய முறையை ஒட்டியதே. பாதரச ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்கள் கை நடுக்கத்துக்கும் நரம்புக் கோளாறுகளுக்கும் ஆளாயினர் என்பதை இந்த அழகுப் பொருளின் வரலாற்றிலிருந்து பிரிக்கக் கூடாது. பிரான்சில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் 1665-இல் தொடங்கிவைத்த அரசக் கண்ணாடித் தொழிற்சாலை, வெனிஸ் கைவினைஞர்களை வரவழைத்துத் தொழிலைக் கற்று வெர்சாய்க்கும் கண்ணாடி அளித்தது. செயிண்ட் கோபைன் என்ற பெயரில் இன்று அறியப்படும் அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே கண்ணாடி உற்பத்தி செய்துவருகிறது.

பாதரசத்தின் தீமையிலிருந்து தொழிலை மீட்டது வேதியியல். ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து தூய வெள்ளியைக் கண்ணாடியின்மேல் மெல்லிய படலமாகப் படியவைக்கலாம் என்பதை 1835-இல் கண்டறிந்தார். தொழிற்சாலைகளுக்கு ஏற்றபடி அது பக்குவப்பட மேலும் சில பத்தாண்டுகள் பிடித்தன. வெள்ளிப் படலம் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 90 விழுக்காட்டுக்கு மேல் திருப்பிவிடுவதால், பழைய இரசக்கலவையின் சற்றே சாம்பல் சாயலான பிம்பம் போய், எடுப்பான பிம்பம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடி ஏற்றுமதியில் முன்னணியில் நின்ற பெல்ஜியத்தின் சரக்கு ஆசியாவெங்கும் கப்பலேறிய காலமும், நகரத்தார் வீடு கட்டிய காலமும் ஒன்றாகவே அமைந்தன. கண்ணாடித் தகடு அலை அலையாக இல்லாமல் முழுச் சமதளமாகக் கிடைத்தது மட்டும் பிந்தி வந்த வசதி: உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிடும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல்தான் அறிவித்தது. பழைய கண்ணாடியைப் பக்கவாட்டில் பார்க்கும்போது பிம்பம் இலேசாக நெளிவது இதனால்தான். அந்த நெளிவே அதன் வயதுக்குச் சான்று.

சரவிளக்கின் கதையிலும் கண்ணாடிக்கே முதன்மை. ஈய ஆக்சைடு சேர்த்த கண்ணாடிக்கு 1674-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் காலத்துக்குப் பிறகு, பட்டை தீட்டுவதற்கு ஏற்ற மென்மையும், ஒளியை அதிகம் வளைத்து ஏழு நிறமாகப் பிரிக்கும் குணமும் கொண்ட படிகத் துண்டுகள் கிடைக்கலாயின. பர்மிங்காமின் ஆஸ்லர் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் கடை திறந்து, இந்திய அரண்மனைகளுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் படிக விளக்குகளை விற்றது. பட்டை தீட்டிய ஒவ்வொரு துண்டும் தன்னருகே எரியும் சுடரைச் சிறு சிறு புள்ளிகளாக உடைத்துத் தெறிக்கவிடும். சுடர் அசைந்தால் புள்ளிகளும் இடம் மாறும். பார்ப்பவர் நடந்தாலும் மாறும். சுடர் மிகச் சிறியதாகவும் மறைப்பில்லாமலும் இருந்தால்தான் இது நிகழும் என்பதே இங்கு முக்கியமான செய்தி. விலையுயர்ந்த படிகச் சரவிளக்கை வாங்கிவந்து, அதில் பால்நிற உறை போட்ட எல்.இ.டி. பல்புகளைத் திருகிவிட்டு, கடையில் கண்ட மினுக்கம் வீட்டில் இல்லையே என்று வருந்தும் குடும்பங்கள் ஏராளம். பால்நிற உறை ஒளியைப் பரந்த வெண்பரப்பாக ஆக்கிவிடுவதால் படிகம் உடைப்பதற்குப் புள்ளியே கிடைப்பதில்லை. உறை தெளிவாக இருக்கும், இழை வெளியே தெரியும் வகைப் பல்புகளை மாற்றிப் போட்டாலே, அதே விளக்கு உயிர் பெற்றுவிடுகிறது.

வெளிச்சம் மலிந்த பிறகு

நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவரும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றனர். அடுத்த ஆண்டே இந்திய அரசின் உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்புகளை வீடு வீடாகக் கொண்டுசெல்லத் தொடங்கியது. மின்செலவில் இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் வெளிச்சத்துக்கு இனிப் பஞ்சமில்லை என்றானதும், எங்கே வேண்டும் என்ற கேள்வியைக் கேட்கும் பழக்கம் தளர்ந்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங்கின் ஓரப் பள்ளத்தில் ஓடும் ஸ்ட்ரிப் லைட், நடுவில் வரிசையாகப் பதித்த சிறு விளக்குகள், சுவரில் கோடு போட்ட புரொஃபைல் லைட், சாமி அறையில் சீரியல் செட் என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எரியவிடும் கூடத்தில் நிழலே இருப்பதில்லை. நிழல் இல்லாத இடத்தில் பொருள்களின் உருட்சியும் முகங்களின் வடிவமும் தட்டையாகிவிடுகின்றன. செட்டிநாட்டு வளவில் முற்றத்துக்கும் உள்ளறைக்கும் இடையே இருந்த படிநிலையை, இந்தக் கூடம் ஒரே மட்டமாக இழைத்துவிடுகிறது. விளக்கு வரைபடம் போடும்போது முதலில் எந்த மூலைகளை மங்கலாக விடுவது என்று குறித்துவிட்டுப் பிறகு விளக்குகளுக்கு வருவதே சரியான வரிசை. ஒவ்வொரு தொகுதிக்கும் தனி சுவிட்ச் வைத்தால் செலவு கொஞ்சம்தான் கூடும்.

ஒளியின் நிறம் பற்றிய பிடிவாதம் இன்னொரு தடை. ஒளி எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதை நிறவெப்பநிலை என்று கெல்வின் கணக்கில் கூறுவர். எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும். எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் 2,000 கெல்வினுக்குச் சற்றுக் கீழே. பழைய குண்டு பல்பு 2,700. கூல் டே லைட் என்று விற்கப்படுவது 6,500. டியூப் லைட் வந்த காலத்தில் நீலவெள்ளையே வளத்தின் நிறமாக மனத்தில் பதிந்துவிட்டதால், மஞ்சள் ஒளியை மங்கல் என்றும் சிக்கனம் என்றும் கருதுவோர் இன்னும் பலர். லூமென் ஒன்றானால் வெளிச்சத்தின் அளவும் ஒன்றே. நெதர்லாந்தின் இயற்பியலாளர் கிரூயித்தாஃப், குறைந்த வெளிச்சத்தில் மஞ்சள் சாயலும் மிகுந்த வெளிச்சத்தில் நீலச் சாயலும் இதமாகத் தோன்றும் என்று 1941-இல் எழுதினார். அவர் வரைந்த எல்லைகளைப் பின்வந்த ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை என்றாலும், இரவில் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2,700 முதல் 3,000 வரையும், சமையல் மேடைக்கும் படிப்பு மேசைக்கும் 4,000 அளவும் போதும் என்பது இன்று ஒளியமைப்பாளர் பெரும்பாலோர் பின்பற்றும் நடைமுறை. அதைவிடக் கவனிக்க வேண்டியது சி.ஆர்.ஐ. எனப்படும் நிறம் காட்டும் திறனெண். மலிவான எல்.இ.டி.களில் சிவப்புப் பகுதி குறைவாக இருப்பதால் குங்குமமும் அரக்குப் பட்டும் மாநிற முகமும் சோர்ந்து தெரிகின்றன. கண்ணாடிக்கு முன்னாலும் சாப்பாட்டு மேசைக்கு மேலும் 90-க்குக் குறையாத எண்ணுள்ள விளக்கைக் கேட்டு வாங்குவது நல்லது.

சரவிளக்குக்குத் தமிழ்நாட்டு அடுக்ககத்தில் ஒரு தனி இடையூறு உண்டு, அது மின்விசிறி. ஐரோப்பியக் கூடத்தில் விளக்கு தொங்கும் நடுமையத்தை இங்கே விசிறி பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில் அதை இடம் பெயர்க்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. விசிறியின் சுற்றுவட்டத்துக்கு மேலே விளக்குகளைப் பதித்தால் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி அறை முழுவதும் நிழலைத் துடிக்கச் செய்யும். எதிரே கண்ணாடியும் இருந்துவிட்டால் துடிப்பு இரண்டு பக்கமும் தெரிந்து தலைவலியில் முடியும். எனவே இங்கே தொங்கும் விளக்குக்கு ஏற்ற இடம் சாப்பாட்டு மேசைக்கு மேல், மேசைப் பரப்பிலிருந்து 75 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில். அல்லது மாடிப்படியின் உயர்ந்த வெளியில். ஃபால்ஸ் சீலிங்குக்குப் பிறகு ஒன்பதடியே எஞ்சும் கூடத்தில், ஆள் நடக்கும் பாதைக்கு மேல் ஏழடி இடைவெளி விட்டாக வேண்டும் என்பதால், அடுக்கடுக்கான சரவிளக்குக்கு அங்கே இடமே இல்லை. அத்தகைய கூடங்களுக்குச் சுவர் விளக்கே பொருந்தும். அதன் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்தால் ஒரு விளக்கு இரண்டாகும். ஐரோப்பாவில் மெழுகுவத்திக் காலத்துச் சுவர் விளக்குகளுக்குப் பின்னால் ஆடி பொருத்தியதும் இதே கணக்கில்தான்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு விளக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதற்குத் தென்கோடித் தமிழகத்தில் ஒரு வழிபாட்டு மரபே சான்றாக நிற்கிறது. அய்யா வைகுண்டரைப் பின்பற்றுவோரின் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடியே நிலைநிறுத்தப்பட்டு, இருபுறமும் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. வணங்க வருபவர் தம் உருவத்தையே, இரண்டு பக்கமும் சம ஒளி விழுந்த நிலையில் காண்கிறார். அந்த ஏற்பாட்டின் பொருள் ஆன்மிகம் சார்ந்தது; ஆயினும் ஒளியமைப்பு என்ற அளவில் அதில் குறை காண முடியாது. வீடுகளில் கைகழுவும் தொட்டிக்கு மேலோ ஒப்பனை மேசைக்கு மேலோ உச்சியில் ஒற்றை விளக்கைப் பதிக்கும்போது புருவ நிழல் கண்ணிலும் மூக்கு நிழல் உதட்டிலும் விழுந்து முகம் களைத்துத் தெரிகிறது. அதே விளக்கை இரண்டாகப் பிரித்துக் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் கண் மட்டத்தில் வைத்தால் இந்த நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஸ்ரீரங்கம் முதலிய வைணவக் கோயில்களின் கண்ணாடி அறைகளில், சுற்றிலும் ஆடிகள் நிற்க, நடுவே எழுந்தருளும் உற்சவரைச் சிறு வெளிச்சத்திலேயே எல்லாப் பக்கமும் காண முடிவதும் இதே ஒளியமைப்பின் இன்னொரு வடிவம்.

கண்ணாடியின் அளவு பற்றி நிலவும் தவறான எண்ணம் ஒன்று பணச் செலவைக் கூட்டுகிறது. முழு உருவம் தெரிய ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்பது உண்மையன்று. சமதள ஆடியில் ஒருவர் தம் உயரத்தில் பாதி அளவுள்ள கண்ணாடியிலேயே உச்சி முதல் பாதம் வரை பார்த்துக்கொள்ளலாம். 160 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 80 சென்டிமீட்டர் போதும். தூரம் தள்ளி நின்றாலும் இந்த அளவு மாறாது. ஆனால் மேல்விளிம்பு அவரது உச்சிக்கும் கண்ணுக்கும் நடுவே அமைய வேண்டும். குடும்பத்தில் உயரம் வேறுபட்டவர்கள் இருப்பதால் 100 அல்லது 110 சென்டிமீட்டர் எடுப்பது நடைமுறைக்கு வசதி. கூடத்தை அகலமாகக் காட்டும் கண்ணாடிக்கு வேறு விதி: அதன் எதிரில் என்ன இருக்கிறது என்பதே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. சன்னலுக்கு நேரெதிரே மாட்டுவதைவிட, சன்னலுக்குச் செங்குத்தான பக்கச் சுவரில், சன்னலை ஒட்டியே மாட்டினால், வெளியிலிருக்கும் மரமும் வானமும் பக்கவாட்டில் உள்ளே நீளும். அமர்ந்திருப்பவர் கண்ணில் வெயில் நேராக அடிக்காது. மேற்கு நோக்கிய சன்னலுக்கு எதிரில் கண்ணாடி வைத்தால், மாலை மூன்று மணிக்கு மேல் அறையின் மறுகோடிக்கும் வெயிலை அனுப்பிவிடும் என்பதால், இந்த மண்ணில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

வாங்கும்போது நகத்தை வைத்துப் பார்க்கும் பழைய சோதனை இன்றும் பயன்படும். நகத்தின் நுனியைக் கண்ணாடியில் தொட்டால், நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையே ஓர் இடைவெளி தெரியும்; பூச்சு பின்புறத்தில் இருப்பதால் கண்ணாடியின் கனத்தை ஒளி இரண்டு முறை கடந்து வருவதே காரணம். ஒப்பிட்டுப் பார்த்தால் நான்கு மில்லிமீட்டர் கண்ணாடிக்கும் ஆறு மில்லிமீட்டருக்கும் வேறுபாடு புலப்பட்டுவிடும். பத்தனம்திட்டா மாவட்டத்தில் செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்து, தேய்த்தே பளபளப்பாக்கும் ஆறன்முளக் கண்ணாடியில் மட்டும் இந்த இடைவெளி இராது. உலோகத்தின் மேற்பரப்பே ஆடியாதலால் நகமும் பிம்பமும் ஒட்டியே நிற்கும். சுவரில் ஒட்டும்போது சிலிகான் பசையின் வகையைக் கேட்டறிவதும் இன்றியமையாதது. காடி வாசனை வீசும் மலிவான சிலிகான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதால், பின்புறத்து வெள்ளிப் படலம் மெல்ல அரிக்கப்பட்டு முன்பக்கத்தில் கரும்புள்ளிகள் கிளம்பும்; நியூட்ரல் வகைச் சிலிகானோ உலோகப் பிடிகளோ இந்தக் கேட்டைத் தடுக்கும். கடலோர ஊர்களிலும் குளியலறைகளிலும் ஓரம் வழியாகவே ஈரம் நுழைகிறது என்பதால், துடைக்கும் திரவத்தைக் கண்ணாடியின்மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடைப்பது அதன் ஆயுளைக் கூட்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிகளுக்கு நேர்ந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்த சொத்தும் வருவாயும் குலைந்துபோக, பெரிய வீடுகளைப் பேணும் வழியின்றிப் பல குடும்பங்கள் மரவேலைகளையும் விளக்குகளையும் பகுதி பகுதியாக விற்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அச்சரக்கு வந்துகொண்டிருக்கிறது. வாங்குவோரில் பலர் தேக்குச் சட்டத்தை மட்டும் மதித்து, மங்கிய கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய தகட்டைப் பொருத்திக்கொள்கின்றனர். மங்கலை இழப்பாகக் கருதுவதால் செய்யப்படும் இந்த மாற்றம், உண்மையில் அப்பொருளின் பாதியை அழித்துவிடுகிறது. இலேசாகக் கறுத்த பழைய பூச்சு, எதிரே எரியும் மஞ்சள் விளக்கின் கூச்சத்தை அடக்கிக் காட்டும். அந்த மென்மையைப் புதிய தகட்டில் எந்த விலை கொடுத்தாலும் பெற முடியாது. முகம் பார்க்க வேறு கண்ணாடி இருக்கும்போது, இதனைக் கூடத்தின் விளக்கெதிரில் அப்படியே மாட்டிவைப்பதே முறை.

அவ்வாறு வைப்பதற்குமுன் பூச்சின் வகையை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். பழுப்பும் கறுப்புமான திட்டுகள் ஓரத்திலிருந்து பரவியிருந்தால் அது வெள்ளிப் பூச்சு. அதனால் உடல்நலக் கேடு இல்லை. சாம்பல் நிறத்தில் மணல் மணலாக மின்னும் புள்ளிகளும், கீழ்விளிம்பில் சிறு வெள்ளித் துளிகளும் காணப்பட்டால், அது பாதரசக் கலவைப் பூச்சுள்ள மிகப் பழைய கண்ணாடி. அதனைத் தலைகீழாகத் திருப்பாமல், பின்பலகையைக் கழற்றாமல், பூச்சைச் சுரண்டாமல், காற்றோட்டமுள்ள அறையில், அடுப்பின் வெப்பமும் குழந்தைகளின் கையும் எட்டாத உயரத்தில் நிமிர்த்தி மாட்டிவைத்து, கசிவு அதிகரித்தால் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும். கீழே உதிர்ந்த துளிகளைத் துடைப்பத்தால் பெருக்கவோ வேக்குவம் கிளீனரால் உறிஞ்சவோ கூடாது, தடித்த காகித விளிம்பால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள புட்டியில் அடைத்துவிட வேண்டும்.